ஆடும் பலகையில் நின்றால் மூட்டுக்கு உணர்வு திரும்புமா?

பிசகியகால்:
ஒரே கணுக்கால் ஒரே வருடத்தில் இரண்டு முறை பிசகிவிட்டது. முதல் முறை விளையாட்டில். இரண்டாவது முறை சமதரையில், சும்மா நடந்துபோகும்போது. அதுதான் பயமாக இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் முதலில் ஒற்றைக்காலில் நிற்கவைத்தார், பிறகு கண்ணை மூடி, இப்போது ஆறு வாரமாக ஆடும் பலகையின் மேல். "ப்ரோப்ரியோசெப்ஷன் போய்விட்டது, அதை மீட்கிறோம்" என்கிறார். நண்பனோ, இதெல்லாம் வித்தை, கெண்டைக்கால் தசையை வலுவாக்கு போதும் என்கிறான். யார் சொல்வது சரி?

இரும்புப்பிரியன்:
உங்கள் நண்பர் பாதி சரி, பிசியோ சொன்ன வாக்கியம் முழுத் தவறு. கண்ணால் பார்க்காமலே கை கால் எங்கே இருக்கிறது, எப்படி அசைகிறது என்று அறியும் உணர்வுக்கு 1906இல் ப்ரோப்ரியோசெப்ஷன் என்ற அந்தப் பெயரை வைத்தவர் ஷெரிங்டன் என்ற உடலியல் அறிஞர். 1965இல் ஃப்ரீமனும் கூட்டாளிகளும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: எலும்புகளை மூட்டில் இணைக்கும் நார் (லிகமென்ட்) கிழியும்போது அதிலுள்ள நரம்பு முனைகளும் அறுபடுகின்றன, அதனால் கால் தடுமாறுகிறது, பலகைப் பயிற்சி அதைச் சரிசெய்கிறது. அழகான கதைதான். ஆனால் 1972இல் குட்வின் குழு தசைநாணின் மேல் அதிர்வு கொடுத்தபோது, அசையாத கை அசைவதாக அதன் சொந்தக்காரருக்கே தோன்றியது. மூட்டின் நிலையைப் பெரும்பாலும் சொல்வது தசைக்குள் இருந்து அது நீள்வதை உணரும் ஸ்பிண்டில்கள் என்ற நுண் உறுப்புகள்தான். இடுப்பு மூட்டையே மாற்றிவைத்தவர்களுக்கும் தொடை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிகிறதே!

இன்னொன்று, நேரம். கணுக்கால் உட்புறமாகச் சாய ஆரம்பித்த பிறகு வெளிப்புறத் தசை விழித்துக்கொள்ளவே ஏறத்தாழ 60 முதல் 80 மில்லி செகண்ட் ஆகும். விசை திரள மேலும் நேரம் வேண்டும். அதற்குள் கால் பிசகி முடிந்திருக்கும். பயிற்சியால் இந்த உணர்வு மேம்படுமா என்று ஆஷ்டன்-மில்லரும் மற்றவர்களும் 2001இல் தலைப்பிலேயே கேட்டார்கள். ஆம் என்று சொல்ல அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. பலகையில் நின்றால் பலகையில் நிற்க வரும். அவ்வளவுதான்.

நரம்பும்_தசையும்:
பதினான்கு வருடமாக பிசியோதெரபி வேலையில்தான் இருக்கிறேன். ஐயா, நீங்கள் பெயரோடு சண்டை போடுகிறீர்கள், பயிற்சியோடு அல்ல. 2009இல் நெதர்லாந்தில் ஹூப்பரெட்ஸ் குழு, கணுக்கால் பிசகிய 522 விளையாட்டு வீரர்களைப் பார்த்தது. பாதிப் பேர் வழக்கமான கவனிப்போடு எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஒரு வருடத்தில் மறுபடி பிசகியது பயிற்சி செய்தவர்களில் 22%, செய்யாதவர்களில் 33%. பலகையில் நிற்க மட்டும்தான் வரும் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

நேரக் கணக்கு சரி. பாதம் சாய்ந்த பிறகு காப்பாற்ற முடியாதுதான். அதனால்தான் சாய்வதற்கு முன்பே வேலை நடக்க வேண்டும்: பாதம் தரையைத் தொடும் முன் எந்தக் கோணத்தில் இறங்குகிறது, தசைகள் எவ்வளவு முறுக்கேறித் தயாராக இருக்கின்றன என்பது. பயிற்சி மாற்றுவது இதைத்தான் என்பது என் எண்ணம்.

இரும்புப்பிரியன்:
அதே ஆய்வில், முதல் சுளுக்குக்கு மருத்துவச் சிகிச்சை பெறாதவர்களுக்குத்தான் பலன் அதிகம் தெரிந்தது. அதையும் சொல்லுங்கள்.

பெயர் முக்கியமில்லை என்கிறீர்கள். முக்கியம்தான். "உணர்வை மீட்கிறோம்" என்று சொன்ன பிறகு, ஆடுகிற எதுவும் மருந்தாகிவிடுகிறது. மெத்தைமேல் எடை தூக்குகிறார்கள், பந்தின்மேல் ஏறி உட்கார்ந்து எழுகிறார்கள். ஆடும் தளத்தில் தசையால் முழு விசையைக் கொடுக்க முடியாது, ஆக வலுவும் அவ்வளவாக வளராது. 2004இல் வெர்ஹேகன் குழு கைப்பந்து வீரர்களிடம் பலகையைச் சோதித்தபோது, முன்பே சுளுக்கியவர்களுக்குச் சுளுக்கு குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பே முழங்கால் அடிபட்டவர்களுக்கு முழங்கால் தொல்லை கூடியது. இதை எந்த பிசியோவும் சொல்லி நான் கேட்டதில்லை.

நரம்பும்_தசையும்:
நான் சொல்கிறேன், முழங்கால் வரலாறு கேட்காமல் யாரையும் பலகையில் ஏற்றுவதில்லை. பந்துமேல் எடை தூக்குவதைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

மகள்71:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 71 வயது, நீண்டநாள் சர்க்கரை நோய், உள்ளங்கால் மரத்துப்போயிருக்கிறது. இரண்டு முறை விழுந்துவிட்டார். அவருக்கும் இந்தப் பலகை உதவுமா?

நரம்பும்_தசையும்:
வேண்டாம் அம்மா. உங்கள் தாயாருக்கு உணர்வு உண்மையிலேயே குறைந்திருக்கிறது. அந்த நரம்பை எந்தப் பலகையும் திருப்பிக் கொண்டுவராது. அவர் இப்போது கண்ணை நம்பித்தான் நிற்கிறார். 1971இல், 19 வயதில், இயன் வாட்டர்மேன் என்பவருக்குக் கழுத்துக்குக் கீழே இந்த உணர்வு முழுக்கப் போய்விட்டது. தன் கால்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே மறுபடி நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். ஆகவே இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் எரியட்டும், கண்ணை மூடும் பயிற்சியே வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்தபடி பக்கவாட்டில் அடிவைப்பது, இவற்றை ஒருவர் அருகில் நின்று செய்யவைக்கட்டும்.

இரும்புப்பிரியன்:
இதில் நானும் உடன்படுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பில் 108 சோதனைகள், 23,000க்கும் மேற்பட்ட முதியோர். உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது 23% குறைந்தது. அதன் முதல் ஆசிரியர் பெயரும் ஷெரிங்டன்தான், அவர் வேறு இவர் வேறு! அங்கே யாரும் மூட்டுணர்வு மீண்டதா என்று பார்த்துப் பலனை எண்ணவில்லை. எத்தனை முறை விழுந்தார்கள் என்று எண்ணினார்கள்.

பிசகியகால்:
இன்று சோதித்துப் பார்த்தேன். பலகையில் மூன்று நிமிடம் ஆடாமல் நிற்கிறேன். கீழே இறங்கி, ஒற்றைக்காலில் எம்பிப் பக்கவாட்டில் இறங்கினால் இரண்டாவது தடவையே தடுமாறுகிறது.

நரம்பும்_தசையும்:
அப்படியானால் பலகை உங்களுக்கு முடிந்துவிட்டது. உங்கள் பிசியோவிடம் இதையே செய்துகாட்டுங்கள். இனித் தரையில்: எம்பி இறங்குதல், திசைமாற்றம், நடுவில் யாராவது பந்தை வீசட்டும். கெண்டைக்கால் பயிற்சியும் கூடவே.

இரும்புப்பிரியன்:
இதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

நரம்பும்_தசையும்:
இல்லை ஐயா. நீங்கள் அவரைப் பலகையில் ஏறவே விட்டிருக்க மாட்டீர்கள்.