சட்டைவஸ், சட்டைவா, சட்டைவம்

மல்லிகா அத்தை: மாடித்தோட்டத்துக்கு விதை வாங்கினேன். முள்ளங்கி பாக்கெட்டில் 'ராஃபானஸ் சட்டைவஸ்', கொத்தமல்லியில் 'கொரியாண்ட்ரம் சட்டைவம்' என்று போட்டிருக்கிறது. எது அச்சுப்பிழை? தேவி, நீதானே தாவரவியல் படிக்கிறாய்?

தேவி: இரண்டும் சரிதான் அத்தை. நெல்லுக்கு ஒரைசா சட்டைவா. ஏன் மாறுகிறது என்று தெரியாது, மனப்பாடம்தான் செய்தேன். பெரியப்பா?

பெரியப்பா: இந்த அறிவியல் பெயர்கள் லத்தீன் மொழியில் வைக்கப்பட்டவை. லத்தீனில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. முன்னால் நிற்கும் பேரினப் பெயரைப் பார்த்துப் பெயரடையின் வால் மாறும். ராஃபானஸ் ஆண்பால், அதனால் சட்டைவஸ். ஒரைசா பெண்பால், சட்டைவா. கொரியாண்ட்ரம் இரண்டும் இல்லை, சட்டைவம். பூண்டும் அப்படித்தான், அல்லியம் சட்டைவம்.

மல்லிகா அத்தை: நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு. நமக்கு ஒரே 'நல்ல' போதுமே அண்ணா!

பெரியப்பா: நல்லவன், நல்லவள், நல்லது என்று சொல்லிப் பார். கிட்டத்தட்ட அந்த மாற்றம்தான்.

மல்லிகா அத்தை: சரி, சட்டைவஸ் என்றால் என்ன அர்த்தம்?

பெரியப்பா: எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. 'செரேரே' என்றால் விதைத்தல். 'சதும்' என்றால் விதைக்கப்பட்டது. அதிலிருந்து வந்தது சட்டைவஸ், ரோமானியர் வாயில் அது 'சதீவுஸ்' என்றுதான் ஒலித்திருக்கும். தானாக முளைத்ததல்ல, விதைத்து வளர்த்தது. காட்டில் வளர்வதற்கு 'சில்வெஸ்த்ரிஸ்'. 1753இல் தாவரங்களுக்கு இப்படி இரட்டைப் பெயர் வைத்த அறிஞர் லின்னேயஸ் நெல், பூண்டு, பட்டாணி, வெள்ளரி, குங்குமப்பூ எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அடையைத்தான் கொடுத்தார். உழவன் கைபட்ட பயிர் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது, பாருங்கள்.

பெரியப்பா: அப்புறம், விதைக்கு 'செமென்'. அதுவும் அதே வேர். 'செமினாரியும்' என்றால் நாற்றங்கால். தேவி போகிற செமினார் அங்கிருந்து வந்ததுதான்.

தேவி: செமினார் நாற்றங்காலா! இனி மறக்கவே மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் பெரியப்பா. அரச மரம் ஃபைகஸ் ரிலிஜியோசா. ஃபைகஸ் 'அஸ்' என்றுதானே முடிகிறது? ரிலிஜியோசஸ் என்று வர வேண்டாமா?

பெரியப்பா: நல்ல கேள்வி அம்மா. லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், 'அஸ்' என்று முடிந்தாலும். வெள்ளை ஓக் மரம்கூட குவெர்கஸ் ஆல்பாதான், ஆல்பஸ் இல்லை. வாலை மட்டும் பார்த்துப் பாலைச் சொல்லிவிட முடியாது.

தேவி: ஐயோ, ரெக்கார்டு நோட்டில் ரிலிஜியோசஸ் என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்போதே திருத்துகிறேன்.

மல்லிகா அத்தை: நான் சட்டைவஸை ஒரு தொட்டியிலும் சட்டைவத்தை ஒரு தொட்டியிலும் தூவிவிட்டு வருகிறேன்.