தமிழை நிறுத்தச் சொன்னார்கள்

என் மகனுக்கு 11 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். மொழி வளர்ச்சிக் கோளாறு உள்ள பிள்ளை. காது நன்றாகக் கேட்கும். சைக்கிளைப் பிரித்துத் திரும்பப் பூட்டுவான். ஆனால் மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் கடைசி ஒன்றுதான் நிற்கும். "நேத்து தாத்தா வருவாரு" என்பான். சொல் கிடைக்காதபோது எல்லாமே "அது"தான்.

பாலர் பள்ளியில் ஓர் ஆசிரியை, "வீட்டில தமிழ், டிவியில மலாய், இங்க ஆங்கிலம். பிள்ளை குழம்பிப் போறான். தமிழை நிறுத்திட்டு ஒரே மொழியில பேசுங்கம்மா" என்றார். சொந்தக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மாமனார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தமிழை விட்டால் அவருக்குக் கடைத்தெரு மலாய்தான் தெரியும். நான் வேலைக்குப் போனபிறகு பையனுக்கு அவர்தான் துணை. தமிழும் இல்லையென்றால் தாத்தாவிடம் அவன் எதைப் பேசுவான்?

ஈப்போ மருத்துவமனையில் முதலில் காதைச் சோதித்தார்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்தார், மலாய்க்காரப் பெண். உங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே பேசுங்கள் என்றார். பல மொழி கேட்பதால் இந்தக் கோளாறு வருவதில்லை. கோளாறு இருந்தால், பிள்ளை பேசும் எல்லா மொழியிலும் அது தெரியும். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று சரியாகிவிடாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆய்வு செய்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 7 பிள்ளைகளுக்கு இருந்ததாம். 30 பேர் வகுப்பில் இரண்டு பேர்! ஆய்வாளர்களே 2017-இல்தான் 'மொழி வளர்ச்சிக் கோளாறு' என்ற பெயருக்கு ஒத்துவந்தார்கள். அதுவரை ஆளுக்கொரு பெயர். பிறகு எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்?

வீட்டில் இப்போது ஒருமுறைக்கு ஒரு வேலைதான் சொல்வோம். "தாத்தா கடை" என்றால் "தப்பு" என்று சொல்லமாட்டேன். "ஆமா, தாத்தா கடைக்குப் போயிருக்காரு" என்று முழுதாகச் சொல்வேன். மாமனாரும் பழகிக்கொண்டார். என்னைவிட அவருக்குத்தான் பொறுமை அதிகம்.

போன மாதம் மளிகைக் கடையில் பையன் சொல் வராமல் நின்றான். பின்னால் நின்றவர், "என்னடா, ஊமையா?" என்று சத்தம் போட்டார். பலர் இப்படித்தான் குரலை உயர்த்துகிறார்கள், காதில் குறை இருப்பதுபோல. கடைக்கார அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "இருங்க, தம்பி சொல்லுவான்" என்றார். அவராக எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார். "அது... தோசைக்கு... கறுப்புத் தோலு... உளுந்து" என்றான். அந்த அண்ணனுக்கு நான் இதுவரை எதையும் விளக்கிச் சொன்னதில்லை. அவர் செய்ததுதான் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது.

இப்போது என் கவலை இடைநிலைப்பள்ளி. அங்கே பாடங்கள் மலாயில் நடக்கும், ஆசிரியர்களும் வேகமாகப் பேசுவார்கள். புகுமுக வகுப்பில் (படிவம் ஒன்றுக்கு முன் மலாயைப் பழக்கும் வகுப்பு) ஓராண்டு இருந்தது இப்படிப்பட்ட பிள்ளைக்கு உதவியதா, இல்லை நேராகப் படிவம் ஒன்றுக்கே போனது நல்லதா? ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தவர்கள், பள்ளியில் அதைக் காட்டி என்ன உதவி கேட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.