புதுப்பிப்பு: அந்தப் பிளையோசர் மண்டையோடு

2024 புத்தாண்டன்று பிபிசி ஆவணப்படத்தில் இயற்கைப் படங்களுக்குப் பெயர்போன டேவிட் அட்டன்பரோ காட்டிய பிளையோசர் (டைனோசர் காலத்தில் கடலில் வேட்டையாடிய பெரிய ஊர்வன விலங்கு) மண்டையோட்டைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். 'தோண்டியவர்கள் விஞ்ஞானிகள்தானே? இப்போது அது எங்கே?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

முன்னின்று எடுத்த ஸ்டீவ் எட்சஸ் தொழிலால் பிளம்பர். புதைபடிவ வேலையெல்லாம் அவர் தானாகக் கற்றது. இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையில் அவருடைய நண்பர் கண்ணில் முதலில் பட்டது மூக்கு நுனி மட்டும்தான். மீதியை ட்ரோன் பறக்கவிட்டுத் தேடினார்கள். செங்குத்தான பாறையின் நடுவில் இருந்தது! கயிற்றில் தொங்கியபடியே தோண்டி எடுத்தார்கள். அரித்துக்கொண்டே போகும் கரை அது, விட்டிருந்தால் கடல் கொண்டுபோயிருக்கும்.

மண்டையோடு மட்டுமே சுமார் 2 மீட்டர், பற்கள் 130. ஒவ்வொரு பல்லின் பின்பக்கமும் மெல்லிய வரிகள். சதையில் குத்தியதும் சட்டென்று உருவிக்கொள்ள அவை உதவுமாம். படத்தில் வந்த கிராஃபிக்ஸ் வேட்டைக் காட்சிகளைவிட எனக்கு இந்தப் பற்கள்தான் பிடித்தன.

சரி, இப்போது எங்கே? லண்டனுக்கெல்லாம் போகவில்லை. எட்சஸின் சேகரிப்புக்காகவே கிம்மரிட்ஜ் கிராமத்தில் 2016இல் திறந்த அருங்காட்சியகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். உடல் பகுதி இன்னும் அந்தப் பாறைக்குள்ளேயே இருக்கிறது என்று அவர் அடித்துச் சொல்கிறார்.