மறுமொழி: சீலேட்டர் மருந்துக்கு 'உலோக நீக்கி' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

உடலில் சேர்ந்த நச்சு உலோகத்துக்குக் கொடுக்கும் சீலேட்டர் (chelator) மருந்துகளை நம் சொற்பட்டியலில் 'உலோக நீக்கி' என்று எழுதலாமா என்பது கேள்வி. அது சொல்ல எளிதுதான். ஆனாலும் அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மருந்துகள் உலோகத்தைப் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம்.

மெர்க்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பை விழுங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நஞ்சு சிறுநீரக நுண்குழல்களையே அழித்து, சிறுநீரை நிறுத்திவிடும். அப்புறம் மருந்து ஏற்றினாலும், அது பிடித்த பாதரசத்தில் பெரும்பகுதி வெளியேற வழியில்லை. டயாலிசிஸ் மட்டும் செய்தாலும் பாதரசம் அதிகம் வராது. அது புரதங்களிலும் திசுக்களிலும் ஒட்டிக்கிடக்கிறது. அதனால்தான் மருந்து, டயாலிசிஸ் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். டைமெர்காப்ரால் என்ற சீலேட்டர் ஓரளவு பித்தநீர் வழியாகவும் வெளியேறும் என்பதால் இங்கே கைகொடுக்கிறது. ஈடிடிஏ (EDTA) என்ற இன்னொரு சீலேட்டர் அப்படியல்ல, முழுக்கச் சிறுநீரகத்தையே நம்பியது. சிறுநீர் நின்றவருக்கு டயாலிசிஸ் இல்லாமல் கொடுப்பது ஆபத்து. மருந்தின் பெயரிலேயே 'நீக்கி' இருந்தால், நீக்குவதற்குத் தனியாக ஒரு வழி வேண்டும் என்பது படிப்பவர் மனத்தில் பதியாது.

சீலேட்டர் உலோகத்தைப் பிடிப்பதற்குக் 'கொடுக்கிணைப்பு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 1920இல் வேதியியலாளர்கள் மார்கனும் ட்ரூவும் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சீலேட்' என்று பெயரிட்டார்கள், ஆகவே வேதியியலில் அது பொருத்தம். நஞ்சுக்கு மருந்து என்று நோயாளியிடம் சொல்லும்போது கொடுக்கு என்றால் தேள் அல்லவா நினைவுக்கு வரும்!

என் பரிந்துரை: மருந்துக்கு 'உலோகக் கவ்வி', சிகிச்சைக்கு 'கவ்வு சிகிச்சை'. கவ்வுவது வேறு, கழிப்பது வேறு என்பது சொல்லிலேயே தெரிகிறது. தாலியம் என்ற உலோக நஞ்சுக்குக் கொடுக்கும் பிரஷ்ய நீலத்தை இதில் சேர்க்கக் கூடாது. அது இரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே அயனிமாற்றம் செய்து, தாலியத்தை மலத்தோடு வெளியேற்றுவது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கும் பயன்படும்.

இன்னொன்றையும் வலியுறுத்த வேண்டும். பட்டியலில் 'ஈடிடிஏ' என்று மட்டும் இருக்கிறது. கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ ஈயத்தைக் கவ்வும். கால்சியம் இல்லாத டைசோடியம் ஈடிடிஏ இரத்தத்திலுள்ள கால்சியத்தையே கவ்விவிடும். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை கவ்வு சிகிச்சையின்போது கால்சியம் சரிந்து மூவர் இறந்தார்கள், அதில் இருவர் குழந்தைகள். எவ்வளவு நீளமானாலும் சரி, இரண்டுக்கும் முழுப் பெயரையே எழுதுவோம். பட்டியலில் வரும் இடங்களை நானே திருத்தி அனுப்புகிறேன்.