மறு: மறு: மாறிப்போன பாடக் குறியீட்டுக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள்!)

அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் இணையதளத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு முன்பு எம்பிஎம்1டி, எம்எஃப்எம்1பி என்று இரண்டு குறியீடுகள். 2021இல் இரண்டும் போய் எம்டிஎச்1டபிள்யூ வந்தது. 2022இல் அறிவியலுக்கும் 2023இல் ஆங்கிலத்துக்கும் இதே கதை. ஆனால் பழையதை அழிக்க முடியாது. அதைப் படித்த பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் அதுதானே இருக்கிறது! தேடுகிறவரைப் புதியதிடம் அனுப்பிவிட்டு, பழையதன் பக்கத்தில் ஒரு சிறிய பொத்தானில் ஒரு சொல் போட வேண்டும். 'மாற்றுக் குறியீடு' என்றால் மாறியதா, மாற்றாக வந்ததா என்று எனக்கே குழப்பம். 'காலாவதி' என்று போட்டுப் பார்த்தேன். ஒரு தாய் கேட்டார்: "அப்ப என்ர மகன்ர மார்க்ஸ் செல்லாதோ?"
— ஸ்கார்பரோ

தம்பி, நன்னூலின் கடைசி நூற்பா இருக்கக் கவலை ஏன்? 'பழையன கழிதலும் புதியன புகுதலும்.' பழையது கழிகுறி, புதியது புகுகுறி. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். பொத்தானிலும் அடங்கும்.
— தஞ்சாவூர்

கழிந்தது இறந்தகாலம் மட்டும்தானே ஐயா, முக்காலம் எதற்கு? அதோடு 'கழி' என்றதும் கழிவறைதான் ஞாபகம் வரும். போதாததற்குக் 'குறி' வேறு. பதினான்கு வயதுப் பிள்ளைகள் பார்க்கிற பக்கம்! வகுப்பெடுக்கிறவள் சொல்கிறேன், கேளுங்கள்.
— கோவை

கழிவறைக்குப் பயந்து நன்னூலைக் கைவிடுவதா அம்மா? கழிபேருவகையில் வரும் 'கழி' மிகுதி குறித்த உரிச்சொல். நெய்தல் நிலத்து உப்பங்கழியையும் பாருங்கள். கடல்நீர் புகுந்து கழிகிற இடம் என்பதால்தான் அந்தப் பெயர் என்பது என் துணிபு. கழிதலும் புகுதலும் ஒரே இடத்தில்! இதைவிட என்ன வேண்டும்?
— தஞ்சாவூர்

ஐயா, கழியை விட்டுக் கரைக்கு வாருங்கள். திரிதல் விகாரம் இருக்கிறதே: மண்+குடம் மட்குடம். ணகரம் போன இடத்தில் டகரம். அதனால் 'திரிகுறியீடு'.
— மதுரை

பால்தான் திரியும்.
— கோவை

இன்னொன்று. 'பாடக் குறியீடு' பிழை. எங்களுக்குப் பாடம் என்றால் கணிதம், விஞ்ஞானம். கோர்ஸ் என்றால் பாடநெறி. ஸ்கார்பரோவில் வாசிக்கப்போகிறவர்களில் பலர் எங்கள் ஆட்கள். ஆகவே 'பாடநெறிக் குறியீடு'. பழையதற்கு 'முன்னைய' போதும். செல்லாது என்ற பயம் வராது.
— யாழ்ப்பாணம்

'முன்னைய' எங்களுக்கு இலேசாக இடிக்கிறது, 'முந்தைய' என்போம். ஆனாலும் புரிகிறது. சரி, என் வாக்கு அதற்கே. ஒரு திருத்தம்: இரண்டு பழையது சேர்ந்து ஒன்றானதால், புதியதன் பக்கத்தில் 'முன்னைய குறியீடுகள்' என்று பன்மையில் வர வேண்டும்.
— மதுரை

அக்காமார், ஐயாமார், நன்றி. இரண்டு பேர் சரி என்றதால் 'முன்னைய குறியீடு' என்றே ஏற்றிவிட்டேன். பொத்தானில் கடைசி இரண்டு எழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இரவுக்குள் எழுத்தளவைக் குறைத்துவிடுவேன்.
— ஸ்கார்பரோ

நீட்டாமல் என்ன செய்யும்? கழிகுறி நான்கே எழுத்து. என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளவும். அப்புறம், அது 'முன்னைக் குறியீடு' அல்லவா?
— தஞ்சாவூர்