அச்சில் நேர்ந்த பிழையும் காசில் நேர்ந்த சேதமும்

பழைய அமெரிக்கச் செப்புக்காசு கையில் கிடைத்தால் பெரும்பாலானோர் முதலில் ஆண்டைப் பார்ப்பார்கள். நான் காசைத் திருப்பி, பின்புறத்தின் அடியில் உள்ள பின்னத்தைப் பார்ப்பேன். பென்சில்வேனியாவில் ஒரு நாணயக் கண்காட்சியில், தேய்ந்த லார்ஜ் சென்ட்டுகள் (அக்காலத்துப் பெரிய ஒரு சென்ட் செப்புக்காசுகள்) குவிந்திருந்த தட்டிலிருந்து 1801ஆம் ஆண்டுக் காசு ஒன்றை அப்படித் திருப்பியபோது, டாலரில் நூறில் ஒரு பங்கு என்பதைக் காட்ட 1/100 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1/000 என்று இருந்தது. கணக்கு வாத்தியார் யாராவது பார்த்திருந்தால் அந்த நாணயச்சாலையையே பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

அந்தப் பின்னம் மட்டும் போதாது, ஏனெனில் அதே தவறு 1801, 1802 ஆகிய இரு ஆண்டுகளின் வேறு வகைக் காசுகளிலும் காணப்படுகிறது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். இலைமாலையின் முடிச்சுக்குக் கீழே இருக்க வேண்டிய இரண்டு காம்புகளில் ஒன்று மட்டுமே இருந்தது. ‘யுனைடெட்’ என்ற சொல்லின் முதலெழுத்தான ‘யூ’, இரண்டு ‘ஐ’ எழுத்துகளை அடுத்தடுத்து நிறுத்தியது போலத் தெரிந்தது. ‘மூன்று பிழைப் பின்புறம்’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும், லார்ஜ் சென்ட் வகைகளுக்கு ஷெல்டன் என்பவர் தந்த எண் வரிசையில் 219ஆம் எண் பெற்ற வகை அது. விற்பவர் சாதாரணக் காசுக்கான விலையைச் சொன்னார்; நானும் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவு பிழை எப்படி நேர்ந்தது என்றால், பிலடெல்பியா நாணயச்சாலையில் அக்காலத்தில் எழுத்துகளையும் எண்களையும் தனித்தனி உளிகளால், அதுவும் இடவலம் மாறிய வடிவில், ஒவ்வொன்றாக அச்சில், அதாவது காசின் மேல் உருவத்தைப் பதிக்கும் எஃகுக் கட்டையில், அடித்துப் பதித்தார்கள். 1796ஆம் ஆண்டு சென்ட் ஒன்றில் ‘லிபர்ட்டி’ என்பதன் ‘பி’ எழுத்தை முதலில் தவறாகத் திருப்பி அடித்து, பிறகு அதன் மேலேயே சரியாக அடித்ததால் அது ‘ஹெச்’ போலத் தோன்றுகிறது. 1801இலேயே, 1/000 என்பதன் முதல் பூச்சியத்தின் மேல் 1 என்ற எண்ணை அடித்துத் திருத்திய அச்சும் உண்டு. எனக்கு மூன்று பிழைக் காசைவிட இந்தத் திருத்தமே அதிகம் பிடிக்கும், ஏனெனில் பிழையைக் கவனித்த ஒருவர் அங்கே இருந்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. நல்ல எஃகும் அச்சு செதுக்கும் உழைப்பும் எளிதில் கிடைக்காத காலம் என்பதால், பிழையான அச்சையும் விரிசல் விட்ட அச்சையும் தூக்கிப் போடாமல் பயன்படுத்தினார்கள்.

1804ஆம் ஆண்டு ஹாஃப் சென்ட்டில் (அரை சென்ட் செப்புக்காசில்) முன்புறத்தில் உள்ள, சுதந்திரத்தின் உருவகமான லிபர்ட்டி மங்கையின் முகவாயிலிருந்து முள் ஒன்று நீண்டிருக்கும் வகை வேறு கதை. அது செதுக்கியவரின் தவறன்று. திருகாணி போன்ற ஏதோ ஒன்று அச்சின் மேல் கிடந்து அழுந்தியதால் வந்த காயம் என்று கருதப்படுகிறது. முகத்துக்கு எதிரே உள்ள வெற்றிடத்தில் திருகின் மரை போன்ற மெல்லிய கோடுகள்கூடத் தெரியும். பெயர் பெற்ற பிழையாக இருந்தும் தாராளமாகக் கிடைப்பதால், புதிதாகத் தொடங்குவோருக்கு இதைத்தான் சொல்வேன்.

இந்த முள்ளைக் கொண்டே ஒரு சோதனையைக் கற்றுக்கொள்ளலாம். அச்சில் விழுந்த கீறலும் விரிசலும் காசில் மேடாகவே வரும். காசில் பின்னாளில் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். அதே கண்காட்சியில் இன்னொருவர், ‘அச்சு விரிசல்’ என்று கூறி ஒரு ஹாஃப் சென்ட்டை நல்ல விலைக்கு நீட்டினார். விளக்கொளியைப் பக்கவாட்டில் விழச் செய்து பார்த்தபோது கோடு முழுவதும் குழிந்திருந்தது. அதன் ஓரத்தில் செம்பு பிதுங்கி நின்றதோடு, குழிக்குள் மட்டும் பழுப்பு நிறம் இல்லாமல் புதுச் செம்பின் சிவப்பு தெரிந்தது. கூர்மையான ஏதோ ஒன்று கிழித்த தடம், அதுவும் அண்மையில் விழுந்தது. அதை அவரிடமே காட்டிச் சொன்னேன். அவர் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுச் சாதாரணக் காசுகளோடு அதைப் போட்டார்.