நுவரெலியாவுக்குள்ளே ரிசீவர் வைப்பது வீண் செலவா?

குளிர்காற்று:
தனியார் ஜெட் பதிவெண் சேகரிக்கிறவர்கள், விமானம் அனுப்பும் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவருக்காக நுவரெலியா டவுனில் டொங்கிள், அன்டனா, ராஸ்பெரி பை குட்டிக் கணினி என்று காசைக் கொட்டாதீர்கள். டவுன் 1868 மீட்டரில் இருக்கிறது, சரி. ஆனால் வடக்கே மூன்று நான்கு கிலோமீட்டரில் பீதுருதலாகல 2524 மீட்டரில் சுவராட்டம் நிற்கிறது. விமானங்கள் சிக்னல் அனுப்பும் 1090 மெகாஹேர்ட்ஸ் அலை மலையைத் துளைக்காது. 12,000 மீட்டரில் போகும் ஜெட்கூட அந்தத் திசையில் சுமார் 50 கிலோமீட்டருக்கு அப்பால் மறைந்துவிடும். கட்டுநாயக்க, இரத்மலானை விமான நிலையங்களில் இறங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். போனில் விமானங்களைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 இருக்கிறதே.

ஹெக்ஸ்பித்தன்:
அதில் ஜெட்தானே அண்ணே காணாமல் போகிறது! அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் 'லாட்' என்ற மறைப்புப் பட்டியலில் உரிமையாளர் சேர்ந்துவிட்டால் அந்த மாதிரித் தளங்கள் விமானத்தை மறைத்துவிடும். விமானமோ தன் அடையாள எண்ணான 24 பிட் முகவரியைக் கத்திக்கொண்டேதான் போகும். கூரையில் இருக்கும் அன்டனாவுக்குப் பட்டியல் ஏது? அதோடு, இலங்கையைக் கடந்து போகும் ஜெட்களும் உண்டு. தலைக்கு மேலே போவதற்குப் பீதுருதலாகல என்ன தடை?

குளிர்காற்று:
மறைக்காத தளங்களும் இருக்கின்றன, ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் மாதிரி.

ஹெக்ஸ்பித்தன்:
அந்தத் தளங்களுக்குத் தரவு கொடுப்பது யார்? நம்மைப்போல ஆட்கள்தான். தன் இடத்தைச் சொல்லாத பழைய டிரான்ஸ்பொண்டரை (விமானத்தில் சிக்னல் அனுப்பும் கருவியை) எம்-லாட் முறையில், அதாவது சிக்னல் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து, கண்டுபிடிக்க ஒரே செய்தியைப் பொதுவாக நான்கு ரிசீவர்களாவது கேட்க வேண்டும். மலையகத்தில் எல்லோரும் உங்களைப்போல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நான்கு எங்கிருந்து வரும்?

ஹப்புத்தளை விளிம்பு:
இரண்டு பேரும் டவுனையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஹப்புத்தளை உயரத்தில் குறைவு, ஆனால் தெற்கே மலை முடிந்து சமவெளி திறக்கிறது. மத்தளை விமான நிலையம் நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குள். இறங்கும் விமானத்தைத் தரைக்குக் கிட்ட வரைக்கும் பிடிக்கலாம்.

காசு வீணாவது பெரும்பாலும் அன்டனா வயரில்தான். ஆர்ஜி-58 வயர் 10 மீட்டர் இழுத்தால் 5 டெசிபலுக்கு மேல் போய்விடும், அதாவது சிக்னலில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. டிவிக்குப் போடும் ஆர்ஜி-6இல் அதே தூரத்துக்கு 2 டெசிபல்தான். அது 75 ஓம் என்று பயப்பட வேண்டாம், அந்த இழப்பு அற்பம். அன்டனாவை வாங்கவும் வேண்டாம்: எஸ்ஓ-239 சொக்கெட்டின் நடுவில் 69 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒன்று, மூலைகளில் அதே நீளத்தில் நான்கு, 45 பாகை கீழே வளைத்து. தகரக் கூரைக்குக் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பனிமூட்டம் சிக்னலைத் தின்னாது. கனெக்டருக்குள் இறங்கும் தண்ணீர் தின்னும். சுயமாக ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி, வயர் வீட்டுக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொய்வு விடுங்கள். பக்கத்தில் போன் டவர் இருந்தால் 1090ஐ மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் இல்லாமல் டொங்கிள் செவிடாகிவிடும். கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) உச்சத்தில் வைப்பதும் பிழை. கிட்டே வரும் விமானம் சிதைந்துபோகும். சித்திரை மாத இடி மின்னலுக்கு வயரைக் கழற்றிவிடுங்கள்.

ஹெக்ஸ்பித்தன்:
இன்னொன்றும் சொல்ல வந்தேன். பதிவேட்டை ஹெக்ஸ் எண்ணால், அதாவது அந்த 24 பிட் முகவரியால், வைத்தால் குழப்பமே இல்லை. A00001 என்றால் N1 என்ற அமெரிக்கப் பதிவெண், கணக்குப் போட்டாலே வந்துவிடும்.

ஹப்புத்தளை விளிம்பு:
குழப்பம் அங்கேதான் ஆரம்பம், தம்பி. N பதிவில் இருந்த ஜெட் சான் மரினோவுக்கு மாறி T7 ஆனால் ஹெக்ஸும் மாறும். உங்கள் ஏட்டில் ஒரே விமானம் இரண்டாகிவிடும். சில நேரம் டிரான்ஸ்பொண்டரைத் திருத்த மறந்து, புதிய பதிவெண்ணோடு பழைய ஹெக்ஸையே அனுப்பிக்கொண்டு பறக்கும். தொழிற்சாலை சீரியல் எண்தான் மாறாதது. அதை முதல் நிரலில் போடுங்கள். 'N என்றால் அமெரிக்கக்காரன்' என்று பெயர் எழுதுவதையும் நிறுத்துங்கள். வெளிநாட்டவர் டிரஸ்ட் வழியாக N பதிவு எடுப்பது சர்வசாதாரணம்.

குளிர்காற்று:
ஹப்புத்தளைக்கு ஒத்துக்கொள்கிறேன். டவுனுக்கு இல்லை. ஹெக்ஸ்பித்தன், ஒரு மாதம் ஓடவிட்டு எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பிடித்தது என்று காட்டும் ரேஞ்ச் வரைபடத்தைப் போடுங்கள். வடக்குப் பக்கம் கடித்த ரொட்டி மாதிரி இருக்கும், பார்க்கலாம்.